பாய்மரப் படகின் பூம்: தாங்குதலும் கட்டுப்படுத்துதலும்

பூம் என்பது பாய்மரப் படகில் முதன்மைப் பாயின் அடி விளிம்பைப் பிடித்து நிறுத்தும் கிடைத்தண்டு ஆகும். இதன் முன்முனை பாய்மரத்துடன் ஒரு மூட்டால் இணைக்கப்பட்டிருக்கும். பின்முனை எதனோடும் நிலையாக இணைக்கப்படுவதில்லை. ஆகவே பூம் கீழே விழலாம், மேலே எழலாம், இடமும் வலமும் வீசலாம். இந்த மூன்று அசைவுகளையும் அடக்கி ஆள்வதற்குக் கயிறுகள், கப்பிகள், தாங்கிகள் ஆகியவை பயன்படுகின்றன.

பந்தயப் படகில் பலர் இருப்பர். நெடும்பயணப் படகிலோ பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் இருப்பர். இரவிலும் களைப்பிலும் அவர்கள் தலைக்கு மேலேயே இந்தத் தண்டு இருக்கிறது. எனவே பூமைக் கட்டுப்படுத்துவது படகின் வேகத்தைப் பற்றியது மட்டுமன்று. உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியதும் ஆகும். இதற்கான அடிப்படை விதி எளியது: பூமைப் பிடித்திருக்கும் ஒன்றை விடுவிக்கும் முன், வேறொன்று அதைப் பிடித்திருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

## பெயரும் அமைப்பும்

தமிழகக் கடலோரத்து மரபுவழிப் படகுகளில் பாய் தொங்கும் குறுக்குத் தண்டைப் பருமல் என்பர். பருமல் பாயின் மேல் விளிம்பில் இருப்பது. பூம் அடி விளிம்பில் இருப்பது. இரண்டும் வேறு என்பதால் இக்கட்டுரையில் பூம் என்ற வழக்குச் சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

இன்றைய படகுகளில் பூம் பெரும்பாலும் அலுமினியக் குழாயால் ஆனது. பழைய படகுகளில் மரத்தால் செய்யப்பட்டது. பாய்மரத்துடன் இதை இணைக்கும் மூட்டு வாத்தின் கழுத்துப் போல வளைந்திருந்ததால் கூஸ்நெக் என்ற பெயர் பெற்றது. இந்த மூட்டு பூமை மேலும் கீழும், இடமும் வலமும் அசைய விடும். ஆனால் கழன்று வர விடாது.

கீழ்க்காணும் விளக்கங்களுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள ஒரு நெடும்பயணப் படகை எடுத்துக்கொள்வோம். அதன் பூம் 4.5 மீட்டர் நீளம், முதன்மைப் பாய் 30 சதுர மீட்டர் பரப்பு எனக் கொள்வோம்.

## பூம் மீது செயல்படும் விசைகள்

பூம் மீது மூன்று வகை விசைகள் செயல்படுகின்றன.

முதலாவது எடை. பாய் விரிந்திருக்கும்போது பூமின் எடையைப் பாயே தாங்குகிறது. பாயை இறக்கினால் பூமின் எடையோடு மடிந்து கிடக்கும் பாயின் எடையும் சேர்ந்து கீழ்நோக்கி அழுத்தும்.

இரண்டாவது மேல்நோக்கிய இழுப்பு. காற்று நிறைந்த பாய் உப்பும்போது அதன் பின் விளிம்பு பூமின் நுனியை மேலே தூக்க முயலும்.

மூன்றாவது பக்கவாட்டு விசை. மூன்றிலும் இதுவே பெரியது. 20 நாட் வேகக் காற்று என்பது நொடிக்கு ஏறத்தாழ 10.3 மீட்டர் ஆகும். இக்காற்று தடுக்கப்படும்போது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 64 நியூட்டன் அழுத்தம் உண்டாகிறது. 30 சதுர மீட்டர் பாயில் இது சுமார் 1,900 நியூட்டன். அதாவது 190 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமம். காற்று 30 நாட் ஆனால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. விசையோ இரண்டே கால் மடங்காகி 4,300 நியூட்டனை நெருங்குகிறது. விசை காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதே காரணம். பாயின் வடிவத்தையும் கோணத்தையும் பொறுத்து உண்மை அளவு மாறும் என்றாலும், பூமைக் கையால் பிடித்து நிறுத்த முயலக் கூடாது என்பதை இந்த மதிப்பீடே காட்டிவிடுகிறது.

## கீழே விழாமல் தாங்குதல்

### டாப்பிங் லிஃப்ட்

டாப்பிங் லிஃப்ட் எனப்படும் தாங்குகயிறு பாய்மரத்தின் உச்சியிலிருந்து பூமின் பின்முனைக்கு வரும். பாய் இல்லாத வேளையில் பூமைத் தூக்கி நிறுத்துவதும், பலத்த காற்றில் பாயைக் குறுக்கும்போது பூமின் எடையை ஏற்பதும் இதன் வேலை.

பாய் விரிந்து ஓடும்போது இக்கயிறு சற்றுத் தளர்ந்திருக்க வேண்டும். இறுகியிருந்தால் பாயின் வடிவம் கெடும். மிகத் தளர்ந்திருந்தாலோ, பாயின் பின் விளிம்பில் உராய்ந்து நாளடைவில் தையலை அறுக்கும். இதன் நீளத்தைக் காக்பிட்டிலிருந்தே, அதாவது சுக்கானைப் பிடித்து அமரும் பின்பள்ளத்திலிருந்தே, கூட்டவும் குறைக்கவும் இயன்றால் நல்லது.

நெடும்பயணம் செல்வோர் பலர் இக்கயிற்றை வேறொரு காரணத்துக்காகவும் விரும்புகின்றனர். பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சான் நடுக்கடலில் அறுந்துபோனால், தாங்குகயிற்றைக் கொண்டு பாயை ஏற்றிக்கொள்ளலாம்.

### விறைப்பு வாங்

இது பூமின் அடியிலிருந்து பாய்மரத்தின் அடிக்குச் சரிவாகச் செல்லும் குழாய் அமைப்பு. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்களுக்குள் சுருள்வில்லோ வாயு உருளையோ இருந்து பூமை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். இதனால் பாயில் உராயும் கயிறு தேவைப்படுவதில்லை. ஆனால் வாயு கசிந்தாலும் ஓர் ஆணி கழன்றாலும் பூம் கீழே வந்துவிடும். ஆகவே விறைப்பு வாங் உள்ள படகுகளிலும் தாங்குகயிற்றைக் கூடுதல் காப்பாக வைத்திருப்பவர் உண்டு.

### கேலோஸ்

கேலோஸ் என்பது காக்பிட்டின் முன்போ பின்போ நிலையாக நிற்கும் தாங்கிச் சட்டம். இரண்டு குழாய்க் கால்களின் மேல் ஒரு குறுக்கு மரம் இருக்கும். அதில் பூம் படியுமாறு நடுவிலும் இரு பக்கங்களிலும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். பாயை இறக்கியதும் பூமை ஒரு பள்ளத்தில் இருத்தி, மேலிருந்து கயிற்றால் இறுக்கிவிட்டால் அது எப்பக்கமும் அசையாது.

கயிற்றில் தொங்கும் பூம் விழாது என்றாலும் ஊசலாடும். கேலோஸில் படிந்த பூம் ஊசலாடுவதும் இல்லை. பாயைக் குறுக்க வேண்டியவர் ஆடும் தளத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். புயல் வேளையில் முதன்மைப் பாய் முழுவதையும் இறக்கிவிட்டு ஓடும் படகுக்கு இது பெரிய துணை. எடை கூடுவதும், இடத்தை அடைப்பதும், பார்வையைச் சற்று மறைப்பதும் இதன் குறைகள்.

சில படகுகளில் கத்தரிக்கோல் போல விரித்து நிறுத்தும் மரக் கவைகள் உள்ளன. துறையில் நிற்கும்போது இவை போதும். ஓடும் படகுக்கு ஏற்றவை அல்ல.

### குறுங்கம்பி

சில சிறு படகுகளில் பாய்மரத்தைப் பின்பக்கமாக இழுத்து நிற்கும் கம்பியிலிருந்து ஒரு குட்டைக் கம்பி தொங்கும். துறையில் நிற்கும்போது பூமின் நுனியை அதில் மாட்டிவிடுவர். அதைக் கழற்ற மறந்து பாயை விரித்தால் பூம் வெளியே திரும்ப முடியாது. காற்றை விட்டுவிட வழியின்றிப் படகு ஆபத்தாகச் சாயும். ஆகவே பாயை ஏற்றத் தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவற்றுள் இது ஒன்று.

பாய்மரத்திலிருந்து பூமின் இருபுறமும் வலைபோல் இறங்கும் மெல்லிய கயிறுகளைப் பூமின் தாங்கிகள் எனக் கருதுவது தவறு. இறங்கும் பாய் தளத்தில் சரியாமல் ஏந்துவதே அவற்றின் வேலை.

## மேலே எழாமல் பிடித்தல்

வாங் எனப்படும் சரிவான இழுகயிறு பூமைக் கீழ்நோக்கி இழுக்கிறது. பாய் படகின் நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும்போது மெயின்சீட்டே இந்த வேலையைச் செய்துவிடும். பூம் வெளியே அகன்றதும் மெயின்சீட்டின் இழுப்பு பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. அப்போது வாங் இல்லாவிட்டால் பூமின் நுனி எழும். பாயின் மேல்பகுதி முறுக்கிக்கொண்டு காற்றை வீணாக்கும். எழுந்து நிற்கும் பூம் எதிர்பாராமல் வீசும்போது பின்புறக் கம்பியில் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

வாங் பூமின் முன்பகுதியில்தான் இணைக்கப்படுகிறது. எனவே நெம்புகோல் விதி அதற்கு எதிராகவே வேலை செய்கிறது. 4.5 மீட்டர் பூமின் நுனியில் 500 நியூட்டன் மேலிழுப்பு இருப்பதாகக் கொள்வோம். வாங் மூட்டிலிருந்து 1.2 மீட்டரில், 45 பாகைச் சரிவில் இணைக்கப்பட்டிருந்தால் அதில் உண்டாகும் இழுவிசை சுமார் 2,650 நியூட்டன். அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். வாங்கின் ஆணிகளும் பட்டைகளும் வலுவாக இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

பின்காற்றில் ஓடும் படகு பெரிய அலையில் உருளும்போது பூமின் நுனி நீரில் தோய்வதுண்டு. நீர் அதைப் பின்னோக்கியும் மேல்நோக்கியும் தள்ளும். அந்நேரம் வாங் இறுகியிருந்தால் பூம் நடுவில் முறியலாம். அவ்வாறான கடலில் வாங்கின் நுனிக் கயிறு உடனே விடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.

## பக்கவாட்டில் கட்டுப்படுத்துதல்

### மெயின்சீட்

சீட் என்ற சொல்லைக் கேட்டுப் பாய்த்துணி என்று எண்ணிவிடக் கூடாது. கடல் வழக்கில் அது கயிற்றைக் குறிக்கும். முதன்மைப் பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் பயன்படும் கயிறே மெயின்சீட்.

இக்கயிறு பல கப்பிகள் வழியாகச் செல்கிறது. நான்கு கயிற்றுப் பகுதிகள் பூமை இழுக்குமாறு அமைத்தால், உராய்வைக் கணக்கில் கொள்ளாவிடில், 100 நியூட்டன் கையிழுப்பு 400 நியூட்டனாகப் பெருகும். அதற்கு விலையும் உண்டு: பூம் 1 மீட்டர் வர, கயிற்றை 4 மீட்டர் இழுக்க வேண்டும்.

மெயின்சீட்டைப் பூமின் நுனியில் இணைத்தால் குறைந்த விசை போதும். ஆனால் கயிறு காக்பிட்டுக்குள் வீசும். நடுவில் இணைத்தால் காக்பிட் தடையின்றி இருக்கும். ஆனால் விசை கூடும், பூமும் நடுவில் வளையும். பல நெடும்பயணப் படகுகள் காக்பிட்டுக்கு முன்னால், அறைக் கூரையின்மேல் மெயின்சீட்டை அமைத்து இரண்டாம் வழியைத் தேர்கின்றன.

### டிராவலர்

டிராவலர் என்பது படகின் குறுக்கே பதித்த தண்டவாளத்தில் நகரும் வண்டி. மெயின்சீட்டின் கீழ்முனை இதில் இணைகிறது. வண்டியை நகர்த்துவதன் மூலம், பாயின் முறுக்கத்தை மாற்றாமலே பூமின் கோணத்தை மாற்றலாம். வண்டியைப் பூட்டாமல் விட்டால் பூம் வீசும்போது அதுவும் சேர்ந்து ஓடித் தடையில் மோதும். விரல் நசுங்குவது இங்கேதான்.

## எதிர்பாராத ஜைப்

படகின் பின்முனை காற்றின் திசையைக் கடக்கும்போது பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுவது ஜைப் எனப்படும். மாலுமி விரும்பிச் செய்தால் அது ஒரு திருப்பம். விரும்பாமல் நேர்ந்தால் விபத்து.

பின்காற்றில் ஓடும்போது பூம் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 80 பாகை அகன்றிருக்கும். ஓர் அலை படகின் பின்பகுதியைத் தள்ளினாலும், காற்று சிறிது திசை மாறினாலும், சுக்கான் பிடித்தவர் ஒரு கணம் அயர்ந்தாலும் காற்று பாயின் மறுபுறத்தில் புகுந்துவிடும். உடனே பூம் 160 பாகை வீசி மறுபக்கம் சென்று நிற்கும். 4.5 மீட்டர் பூமின் நுனி அப்போது கடக்கும் வில்லின் நீளம் சுமார் 12.5 மீட்டர். எச்சரிக்கை சொல்லி முடிப்பதற்குள் அது நடந்துவிடும்.

தாக்குவது பூம் மட்டுமன்று. 2015 செப்டம்பரில் உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்றில், போர்ச்சுகலுக்கு மேற்கே சென்ற படகில் எதிர்பாராத ஜைப் நேர்ந்தது. பூமோடு சேர்ந்து வீசிய மெயின்சீட் தாக்கியதில் படகுக் குழுவினர் ஒருவர் உயிரிழந்தார். பிரித்தானியக் கடல் விபத்து விசாரணைக் கிளை இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. ஆகவே தலையைக் குனிந்துகொண்டால் போதும் என்பது சரியன்று; பின்காற்றில் ஓடும்போது மெயின்சீட் வீசும் பரப்பில் உட்காரவோ நிற்கவோ கூடாது.

### தடுப்புக்கயிறு

பிரிவென்டர் எனப்படும் தடுப்புக்கயிறு வெளியே அகன்ற பூமை முன்னோக்கி இழுத்துப் பிடித்து, அது திரும்பி வீசாமல் தடுக்கிறது. இதைக் கட்டும் முறையில்தான் பலர் பிழை செய்கின்றனர். பூமின் நடுவிலிருந்து தளத்தின் ஓரத்துக்குக் கட்டுவது எளிது. ஆனால் அது வலுவற்றது.

முன் சொன்ன 1,900 நியூட்டன் காற்று விசை பாய்மரத்திலிருந்து 1.8 மீட்டர் தொலைவில் செயல்படுவதாகக் கொள்வோம். கயிறு பூமுக்குச் செங்குத்தாக இழுத்தால், நுனியில் கட்டியபோது அதில் 760 நியூட்டன் இழுவிசை போதும். மூட்டிலிருந்து 1.5 மீட்டரில் கட்டினால் 2,280 நியூட்டன் வேண்டும். மூன்று மடங்கு! இதுவும் சீரான காற்றுக்கான கணக்கே. திடீர் அதிர்ச்சியில் விசை இன்னும் கூடும். மேலும், நடுவில் கட்டிய பூம் நுனி நீரில் தோயும்போது கட்டிய இடத்திலேயே முறிய வாய்ப்புண்டு.

நல்ல தடுப்புக்கயிறு பின்வருமாறு அமையும்:

- பூமின் பின்முனையில் இணைந்திருக்கும்.
- பக்கவாட்டுக் கம்பிகளுக்கு வெளியே சென்று, மீனவர் அணியம் என்று சொல்லும் படகின் முன்முனைக்கு அருகிலுள்ள கப்பியைச் சுற்றிவரும்.
- அங்கிருந்து காக்பிட்டுக்குத் திரும்பி, அங்கே கட்டப்படும்.
- சற்று நெகிழும் நைலான் போன்ற கயிறாக இருந்து அதிர்ச்சியை உள்வாங்கும்.

மூன்றாவது கூறு மிக முக்கியமானது. தடுப்புக்கயிறு இருக்கும்போதே காற்று பாயின் மறுபுறம் புகுந்தால், பூம் வீசாது. ஆனால் பாய் தவறான பக்கத்தில் காற்றை வாங்கிப் படகைச் சாய்த்துப் பிடிக்கும். அப்போது சுக்கானைத் திருப்பிப் படகைப் பழைய திசைக்குக் கொண்டுவர வேண்டும். இயலாவிட்டால் கயிற்றை உருளைச்சக்கரத்தில் சுற்றிய நிலையில் சிறிது சிறிதாக விட வேண்டும். முன்தளத்துக்கு ஓடிச் சென்று அவிழ்க்க வேண்டிய கயிறு இந்நேரத்தில் உதவாது.

### பூம் பிரேக்

இது பூமின் அடியில் தொங்கும் உராய்வு உருளை. படகின் ஒரு பக்க ஓரத்திலிருந்து வரும் கயிறு இதைச் சுற்றி மறுபக்க ஓரத்துக்குச் செல்கிறது. கயிற்றை இறுக்கினால் உராய்வு கூடும். பூம் வீசினாலும் மெதுவாகவே நகரும். பூம் பிரேக் ஜைப்பைத் தடுப்பதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது. தனியாகப் பயணம் செய்வோருக்கு இது உதவும். எனினும் தடுப்புக்கயிற்றுக்கு முழுமையான மாற்று ஆகாது.

## முறையாக ஜைப் செய்தல்

1. படகில் உள்ள அனைவருக்கும் அறிவித்து, மெயின்சீட் வீசும் பரப்பிலிருந்து விலகச் செய்தல்.
2. டிராவலர் வண்டியை நடுவில் பூட்டுதல்.
3. தடுப்புக்கயிற்றைத் தளர்த்திக்கொண்டே மெயின்சீட்டை இழுத்துப் பூமை நடுக்கோட்டுக்கு அருகில் கொண்டுவருதல்.
4. சுக்கானை மெதுவாகத் திருப்புதல்.
5. பாய் பக்கம் மாறியதும் மெயின்சீட்டை விரைவாக, ஆனால் பிடி விடாமல் வெளியே விடுதல்.
6. மறுபக்கத்தில் தடுப்புக்கயிற்றைக் கட்டுதல்.

மூன்றாம் படியில் அடிப்படை விதி தெளிவாகத் தெரிகிறது. தடுப்புக்கயிற்றை முதலில் அவிழ்த்துவிட்டுப் பிறகு மெயின்சீட்டைத் தேடினால், இடைப்பட்ட சில நொடிகளில் பூம் எதன் பிடியிலும் இருக்காது. காற்று மிகப் பலமாக இருந்தால் ஜைப்பைத் தவிர்த்து, படகின் முன்முனையைக் காற்றுக்கு எதிரே திருப்பிச் சுற்றி வருவது பாதுகாப்பானது.

## பாயை இறக்கும் வரிசை

பூம் காக்பிட்டில் விழும் விபத்துகளுக்குப் பொதுவான காரணம் வரிசை பிறழ்வதே. ஆஞ்சானை விடும் வரை பூமைத் தாங்கியிருப்பது பாய். ஆஞ்சானை விட்டதும் அந்தத் தாங்கல் மறைந்துவிடும். எனவே:

1. படகைக் காற்றுக்கு எதிரே நிறுத்துதல்.
2. மெயின்சீட்டையும் வாங்கையும் சிறிது தளர்த்துதல்.
3. தாங்குகயிற்றை இழுத்துப் பூம் சற்று உயர்வதைக் கண்ணால் உறுதி செய்து, கயிற்றைக் கட்டுதல்.
4. பிறகே ஆஞ்சானை விட்டுப் பாயை இறக்குதல்.
5. பூமைக் கேலோஸில் இருத்துதல். கேலோஸ் இல்லாவிடில் மெயின்சீட்டை இறுக்கி, இருபுறமும் கயிறு கட்டி ஊசலை நிறுத்துதல்.

பாயை ஏற்றும்போது வரிசை தலைகீழாகும். பாய் முழுதும் ஏறிய பின்பே தாங்குகயிற்றைத் தளர்த்த வேண்டும்.

## ஸ்லோக்கமும் முறிந்த பூமும்

தனியாகப் படகில் உலகை முதன்முதலில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோக்கம் 1895 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு 1898 ஜூனில் திரும்பினார். அவருடைய ‘ஸ்ப்ரே’ ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள மரப் படகு. 1895 ஆகஸ்டில் ஜிப்ரால்டரை விட்டுச் சென்றபோது, மொராக்கோ கரைக்கு அப்பால் கொள்ளையர் படகு ஒன்று அவரைத் துரத்தியது. அப்போது ஒரு பேரலை ஸ்ப்ரேயை உலுக்கியது. பக்கவாட்டுக் கயிறுகள் இருந்த இடத்தில் அதன் பூம் முறிந்தது. துரத்தி வந்த படகும் பாய்மரத்தை இழந்து பின்தங்கியது.

ஸ்லோக்கம் முதலில் முறிந்த பூமிடம் ஓடவில்லை. முன்பாயை இறக்கினார், சுக்கானைத் திருப்பிப் படகைக் காற்றுக்கு எதிரே கொண்டுவந்தார். பாயில் இருந்த காற்றின் விசை நீங்கிய பிறகே முதன்மைப் பாயையும் முறிந்த பூமையும் உள்ளே இழுத்துக் கட்டினார். பாய் கிழியவில்லை. பின்னர் பிரேசிலின் பெர்னாம்புகோ துறையில், முறிந்த பகுதியை நீக்கி, பூமின் உள்முனையில் ஏறத்தாழ 4 அடி குறைத்து மீண்டும் பொருத்திக்கொண்டார்.

பின்காற்றில் பூமை அளவுக்கு மீறி வெளியே விட்டு, பக்கவாட்டுக் கம்பிகளில் சாய விடக் கூடாது என்று இன்றும் சொல்லப்படுகிறது. தொடும் இடம் நெம்புகோலின் தாங்குபுள்ளியாகி, வளைவு முழுவதும் அங்கே குவிந்துவிடுவதே காரணம்.

## பராமரிப்பு

பூமைப் பிடிக்கும் அமைப்பின் வலிமை அதன் மிக நலிந்த உறுப்பின் வலிமையே. நெடும்பயணத்துக்கு முன் பின்வருவனவற்றைப் பார்த்துக்கொள்வது வழக்கம்:

- கூஸ்நெக் மூட்டின் ஆணி தேய்ந்துள்ளதா, அதைப் பூட்டும் பிளவு ஊசி இடத்தில் உள்ளதா என்பது.
- அலுமினியப் பூமில் துருப்பிடிக்கா எஃகு உறுப்புகள் தொடும் இடங்களில் வெண்மையான அரிப்புப் பொடி உள்ளதா என்பது.
- வாங்கும் மெயின்சீட்டும் இணையும் துளைகளைச் சுற்றி விரிசல் உள்ளதா என்பது.
- தாங்குகயிறு பாய்மர உச்சியிலுள்ள கப்பியில் தேய்ந்துள்ளதா என்பது. கீழிருந்து பார்த்தால் இது தெரியாது. கயிற்றை இறக்கியோ மேலே ஏறியோதான் பார்க்க வேண்டும்.
- வெயிலால் கயிறுகள் விறைத்து இழை உதிர்கின்றனவா என்பது.
- தடுப்புக்கயிற்றின் கப்பியும் அதைப் பிடிக்கும் வளையமும் கயிற்றின் வலிமைக்கு ஈடானவையா என்பது.

துறையில் நங்கூரமிட்டு நிற்கும் படகிலும் பூமைத் தளர்வாக விடக் கூடாது. இரவெல்லாம் சிறிது சிறிதாக ஆடும் பூம் மூட்டின் ஆணியைத் தேய்க்கிறது. அத்தேய்மானம் துறையில் வெளிப்படுவதில்லை. கடலில், காற்று பலமாக வீசும் ஒரு நாளில்தான் வெளிப்படும்.